மெதுவாகத்தான் பாடினோம்

முதலில் செருப்புகளைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தோட்டத் தொழிற்சாலையின் மரப் படிக்கட்டுக்குக் கீழே, சிமெந்துத் தரையில், அவை ஜோடி ஜோடியாகக் கிடக்கும். நீல வார் வைத்த ரப்பர் செருப்புகள், வார் அறுந்து ஊசி குத்தியவை, கல்யாணத்துக்கு வாங்கிப் பத்திரப்படுத்திய குதி உயர்ந்தவை இரண்டொன்று, தோட்ட ஆபீஸ் கிளாக்கர் வீட்டுப் பிள்ளைகளின் சப்பாத்துகள். மேலே ஏறுமுன் அவற்றை எண்ணிவிடுவது என் வழக்கம். அந்த ஞாயிறு நூற்றுப் பதினெட்டு ஜோடி இருந்தன. மேலே போய்ப் பார்த்தால் ஆட்கள் அதைப் போல இரண்டு மடங்கு. எங்கள் தோட்டத்தில் செருப்பை எண்ணி ஆளைக் கணக்கிட முடியாது. பாதிப் பேருக்குச் செருப்பே கிடையாது.

மேலே இருந்தது கொழுந்து வாட்டும் மாடி. பறித்து வந்த தேயிலைக் கொழுந்தைப் பரப்பி, ஈரம் போகும்வரை வாட விடும் இடம். சனிக்கிழமைக் கொழுந்து ஞாயிறு காலையிலேயே அரைப்பதற்குக் கீழே இறங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை பறிப்பு இல்லை. ஆகவே வாரத்தில் ஒரே ஒரு பிற்பகல் அந்த நீண்ட மாடி காலியாகக் கிடக்கும். தேயிலை கிடக்கும் பலகைமேல் செருப்போடு ஏறக் கூடாது என்பது துரையின் சட்டம். கச்சேரிக்கும் அதே சட்டம்தான். வெறுங்காலோடு நின்று ரொக் கச்சேரி கேட்ட கூட்டம் எங்களுடையதைத் தவிர வேறு இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

அதில் ஒரு லாபம் உண்டு. கணேசன் கிட்டாரில் முதல் அடி அடித்தால், அது காதுக்கு வருமுன் உள்ளங்காலுக்கு வரும். பலகை முழுவதும் அதிரும். வாடிய கொழுந்தின் பழ வாசனை பலகை இடுக்கிலிருந்து எழும்பும். பெண்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

சவரிமுத்து மைக்கைப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்ப்பான்.

"கணக்கப்புள்ள, எண்ணுடா."

நான் எண்ணுவேன். ஒன். டூ. த்ரீ. ஃபோர்.

கரண்ட் இல்லாத இடத்தில் கிட்டாரா?

சென்ற வாரம் இந்தப் பக்கத்தில், போகிற போக்கில், எங்கள் பேண்டைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்குக் கொழும்பிலிருந்து ஒரு வாசகர் ஆசிரியருக்குப் புகார் செய்திருக்கிறார். லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், மின்சாரமே இல்லாத காலத்தில் மின்சாரக் கிட்டார் வாசித்ததாக எழுதுவது வாசகர்களை ஏமாற்றும் வேலையாம். நினைவு தடுமாறும் வயதில் தொடர் எழுதக் கூடாதாம்.

ஐயா, எனக்கு எதுவும் தடுமாறவில்லை. அந்த மாடியில் இருந்த ஜன்னல்களை இப்போதும் சொல்வேன். ஒரு பக்கம் இருபத்திரண்டு, மறுபக்கம் இருபத்தொன்று. இருபத்திரண்டாவதைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள்.

லயத்தில் கரண்ட் இல்லைதான். தொழிற்சாலையில் இருந்தது. ஆற்றைத் திருப்பி, குழாயில் இறக்கி, ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதில் எடுத்த கரண்ட். அது தொழிற்சாலைக்கு வந்தது, துரை பங்களாவுக்கு வந்தது, தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் வீட்டுக்கு வந்தது. அதற்கு அடுத்த கம்பத்தில் நின்றுவிட்டது. அந்தக் கம்பத்திலிருந்து எங்கள் லயம் கூப்பிடு தூரம். இயந்திரத்துக்குப் பல்ப் எரிந்தது. அதை ஓட்டியவன் வீட்டுக்குப் போனால் மண்ணெண்ணெய் விளக்கு. கிட்டாருக்குக் கரண்ட் எப்படி வந்தது என்று கேட்கும் வாசகர், அடுத்த கம்பத்தை ஏன் நடவில்லை என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இது அவர் ஒருவருடைய குற்றமும் இல்லை. மலையகக் கலைகள் பற்றிய கருத்தரங்குகள் நான்குக்கு நான் போயிருக்கிறேன். நான்கிலும் தப்பு மேளம் இருந்தது, காமன்கூத்து இருந்தது, ஒப்பாரி இருந்தது. பேசியவர்கள் கண்கலங்கினார்கள். ஒன்றில்கூட ஒரு கிட்டார் இல்லை. தோட்டத்துக்காரன் அழலாம், கூத்தாடலாம். இளைஞனாக இருந்து, முடி வளர்த்து, காலில் மணி போல் விரிந்த காற்சட்டை போட்டு, ஆங்கிலப் பாட்டுப் பாடியிருக்க அவனுக்கு அனுமதி இல்லை போலும்.

பெட்டியில் எழுதியிருந்த பெயர்

நாங்கள் நால்வர். பாட்டு, சவரிமுத்து. தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் ரோலர் ஓட்டுபவன். வாய் நிறைய வெற்றிலையும் கழுத்து நிறையக் குரலும் உள்ளவன். கிட்டார், பெரிய கிளாக்கர் மகன் கணேசன். டிரம், ராமையா. அவன் பரம்பரையே தப்படிக்கும் பரம்பரை. கருத்தரங்குக்காரர்கள் குறித்துக்கொள்ளட்டும், தப்புக்கும் ரொக்குக்கும் எங்களிடம் சண்டை இருந்ததில்லை. இரண்டையும் ஒரே கைதான் அடித்தது.

நான்காவது ஆள் நான். பதுளையில் படித்துக்கொண்டிருந்தேன். கவிழ்த்து வைத்த தேயிலைப் பெட்டியில் ஒரு தடியை நிறுத்தி, தடியின் நுனிக்கும் பெட்டிக்கும் கம்பி இழுத்துக் கட்டினால், அடித்தொண்டையில் பேசும் ஒரு வாத்தியம் கிடைக்கும். அதை வாசிப்பதும், பாட்டைத் தொடங்க எண்ணிக் கொடுப்பதும் என் வேலை. எதைக் கண்டாலும் எண்ணுகிறேன் என்பதற்காகச் சவரி எனக்குக் கணக்கப்பிள்ளை என்று பட்டம் கட்டினான். தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் உத்தியோகத்துக்கு அதுதான் பெயர். படிக்கிற பையனை மட்டம் தட்ட அதைவிட வேறு வார்த்தை வேண்டியதில்லை.

மேடையும் தேயிலைப் பெட்டிகள்தான். பதினாறு. ஒவ்வொன்றிலும் கறுப்பு மையில் தேயிலையின் தரம் அச்சடித்திருக்கும். புரோக்கன் ஒரேஞ்ச் பெக்கோ. பேண்டுக்குப் பெயர் தேடித் தேடி அலுத்துப்போய், ஒருநாள் ராமையா காலடியில் இருந்ததைப் படித்தான்.

"இதையே வச்சா என்னடா?"

"பெக்கோவ வெட்டிரு," என்றான் சவரி. "மத்தது நல்லா இருக்கு."

இப்படி 'த புரோக்கன் ஒரேஞ்ச்' பிறந்தது. லண்டனில் ஏலம் போகும் பெயரை எங்கள் நெஞ்சிலும் குத்திக்கொண்டோம்.

டீமேக்கர் ஐயாவின் ரெக்கோட்

இனி வருவதைக் கவனமாகப் படிக்க வேண்டும். இன்றைய சண்டை முழுவதும் இதில்தான் இருக்கிறது.

டீமேக்கர் ஐயா ஆங்கிலப் பாட்டுப் பிரியர். கரண்டில் ஓடும் ரெக்கோட் பிளேயர் ஒன்று வைத்திருந்தார். ஞாயிறு காலையில் ஜன்னலைத் திறந்துவைத்துப் பாட்டுப் போடுவார். உள்ளே கூப்பிடமாட்டார். ஆனால் எங்களுக்காகத்தான் ஜன்னலைத் திறக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியும். லீக்ஸ் பாத்திக்கும் கோவா பாத்திக்கும் நடுவே நால்வரும் குந்திக்கொண்டு கேட்போம். வீட்டைவிட்டு ரயிலேறிப் போகும் ஒருவனைப் பற்றிய ஆங்கிலப் பாட்டு ஒன்று. அதை மட்டும் முப்பது தடவையாவது கேட்டிருப்போம். கணேசன் கிட்டாரில் சுருதி பிடித்தான். சவரி வார்த்தைகளைப் பிடித்தான். பிடிபடாத இடங்களில் தெமோதரை, எல்ல, ஹப்புத்தளை என்று ஸ்டேஷன் பெயர்களைப் போட்டு நிரப்பினான். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மாடியில் அந்தப் பாட்டுக்குக் கிடைத்த கைதட்டலை நம்பி, பதுளை டவுனில் நடந்த ஒரு போட்டிக்குப் போனோம். நான் எண்ணிக் கொடுத்தேன். சவரி பாடினான். முதல் வரியிலேயே முன்வரிசை சிரித்தது.

"அண்ணே, எந்திரிச்சுப் பாடுங்க!"

"ரயில் மலை ஏறுதுடோய், பின்னால தள்ளுங்க!"

நடுவர் என்று உட்கார்ந்திருந்த கனவான் எங்களைக் கூப்பிட்டு, "குரல் நல்ல குரல் தம்பி. ஆனா பாட்டு ஏன் இப்படிப் படுத்துக் கிடக்கு?" என்று கேட்டார். ஆறு குழுக்களில் எங்களுக்கு ஆறாம் இடம்.

அடுத்த மாதம் டீமேக்கர் ஐயாவின் ரெக்கோட் பிளேயர் பழுதானது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைக்கு அதைத் தூக்கிப் போக எங்களைக் கூப்பிட்டார். கடைக்காரர் பழுதைச் சரிசெய்துவிட்டு, டவுன் கரண்டில் போட்டுக் காட்டினார். அதே ரெக்கோட். அதே பாட்டு. ஆனால் அணில் கத்துகிற மாதிரி ஒரு குரல், ஓட்டமும் நடையுமாக.

"இது வேற ஆளு," என்றான் சவரி.

டீமேக்கர் ஐயாவுக்கு உடனே விளங்கிவிட்டது. சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. தோட்டத்துச் சக்கரம் சுழல வேண்டிய வேகத்தில் சுழல்வதில்லை. கரண்ட் சோம்பலாக வந்தால் ரெக்கோட்டும் சோம்பலாகத்தான் சுற்றும். சுற்று குறைந்தால் பாட்டு மெதுவாகும், குரலும் கனத்துப் போகும். நாங்கள் கேட்டுப் பழகியது அந்தப் பாடகனின் குரலே இல்லை. எங்கள் ஆற்றின் வேகத்தில் ஓடிய குரல்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பிளேன்டீயும் வடையும் வாங்கிக்கொண்டு நால்வரும் அதைப் பேசினோம். கணேசன் அழாத குறை.

"எல்லாத்தையும் மாத்தணும்டா. தப்பாவே படிச்சிருக்கோம்."

"மாத்துனா யாருக்குப் பாடப் போற?" என்றான் சவரி. "டவுன்காரனுக்கா?"

"சரியாப் பாடணும்ல?"

"நேத்துப் பூரா கூடையச் சுமந்தவ, இன்னிக்கி மேல ஏறி வந்து கைதட்டுறா. நம்ம வேகத்துக்கு அவ காலு வருது. அந்த அணில் வேகத்துக்கு மூச்சு மட்டுந்தான் வரும். நான் மாத்த மாட்டேன். கணக்கப்புள்ள, நீ எப்பவும் போல எண்ணு."

நானும் ராமையாவும் சவரி பக்கம். மூன்றுக்கு ஒன்று. கணேசன் வடையைக் கீழே வைத்துவிட்டான், பிறகு எடுத்துக்கொண்டான்.

ஆகவே, தெரியாமல் மெதுவாகப் பாடியது ஒரு காலம். தெரிந்தே மெதுவாகப் பாடியது மீதிக் காலம் முழுவதும்.

கடைசி ஞாயிறு

நான் தொடக்கத்தில் சொன்ன, நூற்றுப் பதினெட்டு ஜோடி செருப்புக் கிடந்த ஞாயிறு எங்கள் கடைசிக் கச்சேரி. கணேசன் குடும்பத்துக்கும் ராமையா குடும்பத்துக்கும் இந்தியப் பாஸ்போட் வந்துவிட்டது. பிறந்த மண்ணிலிருந்து மனிதர்களைப் பிரித்துக் கப்பலேற்ற இரண்டு அரசாங்கங்கள் கையெழுத்துப் போட்டால் போதும் என்று இருந்த காலம். பேண்டை உடைத்தது குடியோ கோபமோ பெண்ணோ இல்லை. மற்ற ஊர்ப் பேண்டுகளுக்கு அந்தக் கொடுப்பினையாவது இருந்தது.

டீமேக்கர் ஐயா புதிதாக வாங்கிய கெசட் ரேடியோவைக் கொண்டுவந்து, ஒரு பெட்டிமேல் வைத்துப் பதிவு செய்தார். பட்டரியில் ஓடுவது. தோட்டக் கரண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நாங்கள் பாடிய வேகம் எதுவோ அந்த வேகம்தான் அதில் விழுந்தது. பின்னால் அந்தக் கெசட்டைச் சவரியிடமே கொடுத்தார்.

சவரி தோட்டத்திலேயே இருந்தான். கைதட்டிய பெண்களில் ஒருத்தியான லூர்துமேரியைக் கட்டினான். கோயிலில் பாடினான், கல்யாண வீடுகளில் பாடினான். நான் ஆசிரியனாகி டவுனுக்கு வந்தேன். முந்தின வருடம் அவன் இறந்துபோனான். சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

"இது யாருண்ணே?"

இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு காலை, சவரியின் மனைவி லூர்தம்மா முதல் பஸ்ஸில் வந்து என் வீட்டு வாசலில் நின்றது. வந்த வேகத்திலேயே கைபேசியை நீட்டியது.

"இத கேளுங்கண்ணே. கேட்டுட்டு இது யாருன்னு சொல்லுங்க."

கேட்டேன். "ஒன்டூத்ரீஃபோர்" என்று யாரோ ஒரு சிறுவன் அவசரமாக எண்ணினான். பிறகு இன்னொரு சிறுவன் ரயில் பாட்டைப் பாடினான். தெமோதரை, எல்ல, ஹப்புத்தளை. ரயில் எங்கும் நிற்காமல் பறந்தது.

எண்ணியது நான் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் காது சுட்டது.

விஷயம் இதுதான். டவுனில் ஒலிபெருக்கிக் கடை வைத்திருக்கும் மகேந்திரன், ஐம்பதைத் தாண்டியவர், பழைய பாட்டுகளுக்கு விழா எடுக்கிறார். எங்கள் கெசட்டைப் பற்றி யாரோ சொல்ல, லயத்துக்கே போய் லூர்தம்மாவிடம் வாங்கி வந்திருக்கிறார். கொழும்பில் கொடுத்துச் சுத்தம் செய்து, லூர்தம்மாவின் மகன் போனுக்கும் அனுப்பியிருக்கிறார். விழாவில் சவரியின் குரலை ஒலிக்கவிட்டு, கூடவே இன்றைய பையன்கள் மேடையில் வாசிப்பார்களாம். லூர்தம்மாவுக்குப் பொன்னாடையாம்.

"வீட்டுல போட்டுக் கேக்க மெசின் இல்லண்ணே. எத்தன வருசமா அந்தக் கெசட்டு சும்மா கெடந்துச்சு. அவரு போனதுக்கப்புறம் கொரலக் கேக்கவே இல்ல. நல்லாப் பண்ணித் தருவாங்கன்னு தூக்கிக் குடுத்தேன்."

"வேகத்தக் கூட்டிட்டாங்கம்மா. அதான் இப்படி இருக்கு."

"பாட்டு எப்படியோ போகட்டும். பாட்டு முடிஞ்சதும் மைக்குல ஒண்ணு சொல்லுவாரு. நெனப்பிருக்கா?"

எனக்கு நினைவில்லை. ஜன்னல் நினைவிருக்கிறது, பெட்டி நினைவிருக்கிறது. இது இல்லை.

"அது இதுல இல்ல," என்றது லூர்தம்மா. "பாட்டு முடிஞ்சா படக்குன்னு நின்னுருது. எனக்கு அதுதாண்ணே வேணும்."

சரி செய்தவர்

அன்றே இருவரும் மகேந்திரன் கடைக்குப் போனோம். மரியாதையாகத்தான் வரவேற்றார். குளிர்பானம் எடுக்க ஆளனுப்பினார்.

"சேர், டேப் பழசு. இழுத்து ஸ்லோவாகிருச்சு. ஒரிஜினல் இங்கிலிஷ் பாட்டோட வச்சுப் பாத்தோம். சரியா ஒரு சுருதி கீழ. அதத் தூக்கி விட்டிருக்கோம்."

"டேப் இழுக்கல. நாங்க பாடினதே அப்படித்தான்."

ஆறு, சக்கரம், ரெக்கோட் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமைதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

"அப்ப பேண்டே தப்பாப் பாடுச்சுன்னு சொல்றீங்களா சேர்?"

"தப்புன்னே வச்சுக்குங்க. எங்க தப்பு. அத நீங்க எதுக்குத் திருத்துறீங்க?"

"மேடையில போட்டா சிரிப்பாங்க சேர்."

"அன்னிக்கும் சிரிச்சாங்க!"

கடையில் நின்ற இரண்டு வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகேந்திரன் என்னைச் சமாதானப்படுத்தும் எண்ணத்தில், கணினியில் எதையோ இழுத்துவிட்டு, "இப்ப கேளுங்க, எவ்வளவு இழுவையா இருக்குன்னு" என்று பழைய வேகத்தில் போட்டுக் காட்டினார்.

ஒன். டூ. த்ரீ. ஃபோர்.

கடையில் இருந்த எட்டு ஒலிபெருக்கிகளிலும் சவரி வந்தான். வெற்றிலை ஒதுக்கிய கன்னத்தோடு, அவசரமே இல்லாமல். லூர்தம்மா கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டது. பாட்டு முடிந்தது. படக்கென்று நின்றது.

"அதுக்குப் பொறகு?" என்றது.

"அதுக்குப் பிறகு வெறும் இரைச்சல்தான் அம்மா. காலடிச் சத்தம், படிக்கட்டுச் சத்தம். வெட்டிட்டோம். கொழும்புப் பையன் முழுசா எடுத்தத வச்சிருக்கவும் இல்ல."

"கெசட்டுல இருக்குமா?"

"இருக்கும். ஆனா பழைய நாடா. ஒரு தடவ ஓட்டுனாலே அறுந்துரலாம்."

"அதக் குடுங்க. அந்தப் பாட்ட விழாவுல போட வேணாம்."

மகேந்திரன் பதறிவிட்டார். பையன்கள் மூன்று வாரமாக அந்தச் சுருதியில் பழகியிருக்கிறார்கள். இனி மாற்ற நேரமில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, என்னிடம் சொன்னார்.

"யோசிங்க சேர். இந்த ஒரு பாட்டு இல்லேன்னா, உங்க பேண்டு பேரே மேடையில வராது. ஒரு ஆளுக்கும் தெரியாமப் போயிரும்."

அடித்த இடம் சரியான இடம். இந்த வாசகரைப் போன்றவர்கள், அந்தக் கருத்தரங்கு, அந்த முன்வரிசை, எல்லாருக்கும் ஒரே பதில் அந்த மேடையில் கிடைக்கும். இத்தனை ஆண்டுகள் நான் காத்திருந்தது அதற்காகத்தானே? அணில் குரலானாலும் அது எங்கள் பெயரில் ஒலிக்குமே? நான் வாயைத் திறக்கவில்லை.

லூர்தம்மா திறந்தது.

"நீங்க போடுறது அவரு இல்லீங்க. யாரோ ஒருத்தரு. யாரோ ஒருத்தருக்கு நீங்க பேரு வாங்கிக் குடுக்க, நான் எதுக்குப் பொன்னாட போத்திக்கணும்?"

அதோடு கடையில் இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டது. குளிர்பானத்தைத் தொடவில்லை. நாட்சம்பளத்துக்காகத் தொழிற்சாலை வாசலில் எத்தனையோ தடவை உட்கார்ந்து பழகிய உட்காரல் அது. மகேந்திரனுக்கு அது பழக்கமில்லை. இரண்டு வாடிக்கையாளர் வந்து, பார்த்து, திரும்பிப் போனார்கள். மூன்றாமவர் வந்தபோது மகேந்திரன் மேசை லாச்சியைத் திறந்து கெசட்டை எடுத்து லூர்தம்மாவிடம் நீட்டினார்.

"நாளைக்கு என்னக் குறை சொல்லாதீங்க சேர்."

இதோ, சொல்கிறேன்.

மேடையில் சொன்னது

விழாவுக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். மேடையில் முப்பத்தாறு வண்ண விளக்குகள். சப்பாத்துக் காலோடு நிறைந்த மண்டபம். பதுளை டவுன் பேண்டுகள், பண்டாரவளைப் பேண்டுகள் எல்லாவற்றுக்கும் வாழ்த்து. பாட்டுகள் நன்றாகத்தான் இருந்தன. எல்லாம் சரியான வேகம்.

கடைசியில் அறிவிப்பாளர் குரலில் சோகம் வரவழைத்துக்கொண்டு சொன்னார்: "அந்த நாளில் நமது தோட்டங்களிலும் இப்படிப்பட்ட இசைக்குழுக்கள் இருந்திருக்கக்கூடும். ஆனால் அதற்கான ஒலிப்பதிவு எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை என்பது துரதிர்ஷ்டமே."

மேடையோரத்தில் மகேந்திரன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இருந்திருக்கக்கூடுமாம்! நான் எழுந்து நின்றேன். "இருந்துச்சு!" என்று கத்தினேன். அதற்குள் அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது. பக்கத்து இருக்கைக்காரர் என் கையைப் பிடித்து, "மறைக்குது, உக்காருங்க ஐயா" என்றார்.

நான் உட்காரவில்லை. வெளியே நடந்தேன். அதனால்தான் இந்த வாரம் வேறு எழுதுவதாக இருந்ததை நிறுத்திவிட்டு இதை எழுதுகிறேன். ஒலிப்பதிவு இருக்கிறது. எங்கே இருக்கிறது, எந்த வேகத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டேன். யாராவது இனி 'கூடும்' போட்டு எழுதினால் இந்தப் பக்கத்தை வெட்டி அனுப்புவேன்.

ஞாயிறு, பிற்பகல்

விழாவுக்கு மறுநாள் ஞாயிறு. என் பழைய கெசட் ரேடியோவைத் துடைத்து, புதிய பட்டரி நான்கு போட்டு, பையில் வைத்துக்கொண்டு எங்கள் தோட்டம் இருக்கும் ஸ்பிரிங்வெளிப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினேன். லயத்தில் இப்போது கரண்ட் இருக்கிறது. ஆனாலும் நான் பட்டரியில்தான் ஓட்டினேன். இந்த விஷயத்தில் கரண்டை நம்ப நான் தயாரில்லை.

லூர்தம்மா கதவைச் சாத்தியது. பக்கத்து வீட்டுக் காம்பராவில் தொலைக்காட்சியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிச் சுவரில் தட்டியது. பிறகு எனக்கு எதிரே, தரையில் உட்கார்ந்தது.

"அறுந்தா அறுந்துட்டுப் போகுது. போடுங்கண்ணே."

போட்டேன். முதலில் இரைச்சல். மழை தகரத்தில் விழுகிற மாதிரி. பிறகு என் குரல். ஒன். டூ. த்ரீ. ஃபோர். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு ஆள் மூச்சு வாங்கிக்கொள்ள இடமிருந்தது. கணேசன் அடித்தான். ராமையா அடித்தான். இருவரும் எந்த ஊரில் இருக்கிறார்கள், இருக்கிறார்களா என்பதும் எனக்குத் தெரியாது. சவரி பாடினான். ரயில் தெமோதரையில் நின்றது, எல்லவில் நின்றது, ஹப்புத்தளையில் எல்லாரையும் இறக்கிவிட்டது.

கைதட்டல். ஒரு குச்சி கீழே விழுந்து உருண்டது. பிறகு கால்கள். நூற்றுக்கணக்கான வெறுங்கால்கள் பலகையில் நடந்து படிக்கட்டில் இறங்கும் சத்தம். மகேந்திரன் இரைச்சல் என்று வெட்டியது இதைத்தான். அந்தச் சத்தத்துக்கு நடுவே, மைக்குக்கு மிக அருகில், வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்த குரலில், அவன் பேசினான்.

"ஏய், தள்ளாம எறங்குங்க. யம்மா லூர்து, ஒஞ் செருப்பு வாரு அந்துபோயிக் கெடக்குன்னு சொன்னாங்க. எஞ் செருப்பப் போட்டுட்டுப் போ. நாளைக்கி வந்து வாங்கிக்கிறேன்."

மாடி முழுவதும் சிரித்தது. ஒருவர் விசிலடித்தார். அதோடு நாடா முடிந்து, பொத்தான் தானாக மேலே எழும்பியது. அறுந்துபோகவில்லை.

லூர்தம்மா அழும் என்று நினைத்து, நான் பார்வையை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஆனால் கேட்டது சிரிப்பு. முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தது.

"நாளைக்கு வாறேன்னு எல்லார் முன்னாலயும் சொன்ன மனுசன், மறுநாளு வரவே இல்லண்ணே. நான் அந்தச் செருப்பக் கழுவி வாசல்ல வச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருக்கேன். அடுத்த வாரந்தான் வந்து நின்னாரு. ஏன் இவ்வளவு நாளுன்னு கேட்டா, என்ன சொன்னாரு தெரியுமா?"

"என்ன சொன்னான்?"

"ஏன், ஒனக்கு என்ன அவசரம்னாரு."

அது சொல்லிவிட்டு, கெசட் ரேடியோவை என் பக்கத்திலிருந்து தன் பக்கம் இழுத்துக்கொண்டது.